ஏழைக்கு அழகு வேண்டாமா?

2018ஆம் ஆண்டு பெப்ரவரியில், மார்பைப் பெரிதாக்கும் சத்திரசிகிச்சை சென்னை ஸ்டான்லி அரசினர் வைத்தியசாலையில் ஏழைப் பெண்களுக்கு இலவசமாகச் செய்யப்படும் என்ற செய்தி வெளியாயிற்று. அழகுச் சிகிச்சை ஏழைக்கு ஏன் கிட்டலாகாது என்று கேட்டார், அன்றைய தமிழகச் சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர். அதனை எள்ளி நகையாடி ஒதுக்குதல் எளிது. முற்போக்காளர்க்கு அது பொருந்தாது. ஏழைப் பெண் பசியாறினாற் போதும், கண்ணாடி பார்க்க வேண்டாம் என்று விதிக்கும் உரிமையை நமக்கு எவர் தந்தார்?

ஆனால், இவ்வழகை அளந்தவர் யாவர்? மலை, குடம், கோங்கரும்பு என்று உவமை அடுக்கினர் நம் காவியப் புலவர். வகுப்பில் அவ்வடிகள் வந்தால் நாம் விரைந்து பக்கம் புரட்டிவிடுகிறோம். இதே கல்முனைக் கரையில், மார்பிலே கட்டி கண்டும் கணவனிடங்கூடச் சொல்ல நாணி மறைத்துவைக்கும் பெண்கள் உளர். புலவன் பாடலாம், உடையவள் வாய் திறத்தல் ஆகாது! இளங்கோவின் கண்ணகி திருகி எறிந்தது எவர் கண்ணுக்கும் விருந்தாக அன்று; அதனால் மதுரை எரிந்தது.

சிலிக்கன் மார்பு முதன்முதற் பொருத்தப்பெற்றவர் டிம்மி ஜீன் லிண்ட்சி என்ற அமெரிக்கப் பெண். 1962இல் ஹூஸ்டன் நகர வைத்தியசாலைக்கு அவர் சென்றது, மார்பிற் குத்தியிருந்த பச்சையை அகற்றவே. வைத்தியர் புதிய பொருளைப் பற்றிச் சொன்னபோது, தம் காதுகளையன்றோ திருத்த விரும்பினார்! குறை அவர் கண்டதன்று, பிறர் காட்டியது.

பின்னர் வாணிகம் நுழைந்தது. பிரான்சின் பி.ஐ.பி. நிறுவனம், வைத்தியத்துக்கு அங்கீகாரமற்ற தொழிற்சாலைச் சிலிக்கனை அடைத்து விற்று 2010இல் அகப்பட்டது. 2013இல் அதன் நிறுவுநர் மாஸுக்கு நான்காண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதற்குள் அப்பொருள் இலட்சக்கணக்கான பெண்களின் உடலுக்குள் சென்றுவிட்டது. 2019இல் அலர்கன் நிறுவனத்தின் சொரசொரப்பான உறைகள், அரியதொரு லிம்போமாப் புற்றுநோயோடு தொடர்புற்றமையால், மீளப்பெறப்பட்டன.

சிகிச்சை பெற்றோரிற் பெரும்பாலோர் மனநிறைவு கூறுகின்றனர் என்பது ஆய்வுகளின் முடிபு. அதனைப் பொய்யெனத் தள்ளேன். எனினும், அவர்களை எப்போது கேட்டனர் என்பதும் ஒரு வினாவன்றோ? உறையைச் சுற்றித் தழும்பு இறுகுதலும் உறை கிழிதலும் ஆண்டுகள் செல்லச் செல்ல மிகும். அப்புற்றுநோயும் பெரும்பாலும் பல்லாண்டு கழிந்தே தலைகாட்டும். இவை ஆயுள் முழுதும் நிலைப்பன அல்ல என்னும் எச்சரிக்கையை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021இற் கட்டாயமாக்கிற்று; ஆபத்துக்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பெண் ஒப்பமிடுவதற்கான பட்டியலையும் விதித்தது.

'இலவசம்' என்ற சொல்லை இங்கே சற்று நிறுத்திப் படித்தல் வேண்டும். முதற் சத்திரசிகிச்சை இலவசம். பத்தாண்டு கழித்து உறை கிழிந்தால், அதனை அகற்றும் இரண்டாஞ் சிகிச்சை எவர் கணக்கில்? செல்வர் வீட்டுப் பெண்ணிடம் அதற்குப் பணமுண்டு. வீட்டுவேலை செய்பவள் நாட்கூலியை இழந்து வரிசையில் நிற்பாள். சமத்துவம் பேசும் அறிவிப்பு அந்த இரண்டாஞ் சிகிச்சைக்கும் எழுத்திற் பொறுப்பேற்றல் வேண்டும். அவள் ஒப்பமிடும் தாள், அவள் படிக்கக்கூடிய தமிழில் இருத்தலும் வேண்டும்.