கீற்று போச்சு, கூட வேற என்ன போச்சு?

சி.டி. ஸ்கேன் இயந்திரங்களின் விளம்பரக் கையேடுகளில் ஒரு ஜோடிப் படம் அடிக்கடி கண்ணில் படும். இடது பக்கம், செயற்கை இடுப்பு மூட்டு வைத்த ஒருவரின் குறுக்குவெட்டுப் படம். உலோகத்தைச் சுற்றி வெள்ளையும் கறுப்புமாகக் கீற்றுகள். எலும்பு எது, தசை எது என்றே தெரியாது. வலது பக்கம் அதே ஆள், அதே இடம், ஆனால் பளிச்சென்று இருக்கும். பக்கத்தில் ஒரு மென்பொருளின் பெயர். ஜி.இ. அதை 'ஸ்மார்ட் மார்' என்கிறது, ஃபிலிப்ஸ் 'ஓ-மார்', சீமென்ஸ் 'ஐமார்'. இந்தக் குறிப்பு அந்த ஜோடிப் படத்தைப் பற்றியது.

முதல்ல, கீற்று ஏன் வருதுன்னு பார்ப்போம். சி.டி. இயந்திரம் நேரடியாகப் படம் பிடிப்பதில்லை. உடம்பைச் சுற்றிப் பல நூறு கோணங்களில் எக்ஸ்ரே விட்டு, மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்ந்தது என்று அளக்கிறது. அந்த அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டுக் கிடைப்பதுதான் படம். கெட்டி எலும்பின் அடர்த்தி கன செ.மீ.க்கு சுமார் 1.9 கிராம். டைட்டானியம் 4.5, ஸ்டீல் சுமார் 8. தடிமனான உலோகம் குறுக்கே வந்தால் மறுபக்கம் ஏறக்குறைய ஒன்றுமே வந்து சேராது. வருகிற கொஞ்சமும் இரைச்சல்தான். அந்தக் கெட்டுப்போன அளவுகள்தான் கணக்கில் புகுந்து படம் முழுக்கக் கீற்றாக விரிகின்றன. டைட்டானியம் தகடு என்றால் பாதிப்பு குறைவு, ஸ்டீலோ கோபால்ட்-குரோமோ என்றால் அதிகம். காரணம் இவ்ளோதான்.

மென்பொருள் செய்வது என்ன? அடிப்படை யோசனை 1987லேயே வந்துவிட்டது. ஜெர்மனியின் வில்லி கலெண்டரும் அவரோடு சேர்ந்தவர்களும் எழுதினார்கள். உலோகத்தின் வழியாக வந்த அளவுகளைத் தூக்கிப் போட்டுவிடு. இரண்டு பக்கமும் இருக்கிற நல்ல அளவுகளுக்கு நடுவே நேர்கோடு இழுத்து அந்த இடைவெளியை நிரப்பு. படத்தைக் கட்டி முடித்ததும் உலோகத்தைத் திரும்ப ஒட்டு. 2010இல் வந்த 'என்-மார்' முறை இன்னும் கெட்டிக்காரத்தனமானது. எலும்பு எங்கே, தசை எங்கே என்று ஒரு உத்தேச மாதிரியை முதலில் போட்டுக்கொண்டு, அதற்கு ஏற்றபடி நிரப்புகிறது.

எங்க தொழிலிலும் இது அன்றாடம் நடப்பதுதான். சென்சார் ஒரு மணி நேரம் வேலை செய்யவில்லை என்றால் முன்பின் எண்களை வைத்து இடைவெளியை நிரப்புவோம். ஆனா அந்த வரிசையில் 'இது அளந்தது இல்லை' என்று ஒரு ஃப்ளாக் வைப்போம். அந்த வலது பக்கப் படத்தில் அப்படி எந்த ஃப்ளாக்கும் இல்லை. அளந்த புள்ளியும் ஊகித்த புள்ளியும் ஒரே சாம்பல் நிறத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

இது ஏதோ இன்ஜினியரின் நச்சரிப்பு என்று தோன்றலாம். ஆபரேஷன் முடிந்து பல மாதம் கழித்து எதற்காக சி.டி. எடுக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்க. எலும்பு கூடிடுச்சா? ஸ்க்ரூவைச் சுற்றி மெல்லிசா கறுப்பு வளையம் தெரியுதா, அதாவது ஆட்டம் கண்டிருக்கா? பெரும்பாலும் இரண்டுக்கும் பதில் உலோகத்தை ஒட்டிய சில மில்லிமீட்டரில் இருக்கிறது. மென்பொருள் அதிகமாக ஊகிப்பதும் அதே சில மில்லிமீட்டரில்தான். தள்ளியிருக்கும் தசையும் மூத்திரப்பையும் நிஜமாகவே தெளிவாகின்றன, அது லாபம். விளிம்பிலோ இல்லாத கறுப்பு வளையம் தோன்றலாம். இருக்கிற மெல்லிய எலும்புப் பாலம் அழியலாம். இன்னொரு ஆபரேஷன் தேவையா என்ற முடிவு அதில் தொங்குகிறது.

விளம்பர ஜோடியில் எனக்குள்ள குறை, அதில் மூன்றாவது படம் இல்லை என்பதுதான்: அந்த இடத்தைத் திறந்து பார்த்தபோது உள்ளே உண்மையில் என்ன இருந்தது? அது இல்லாமல் இடதையும் வலதையும் மட்டும் காட்டினால், எது அழகாக இருக்கிறது என்றுதான் சொல்ல முடியும். எது சரி என்று சொல்ல முடியாது.

கதிரியல் மருத்துவர்களுக்கு இது தெரியாத விஷயம் இல்லை. திருத்திய படத்தைத் தனியாகப் பார்க்காதே, திருத்தாததையும் பக்கத்தில் வைத்துப் பார் என்பது அவர்களுடைய ஆய்விதழ்களில் திரும்பத் திரும்ப வரும் அறிவுரை. இரண்டிலும் தெரிகிற வளையத்தை நம்பலாம். திருத்தியதில் மட்டும் தெரிந்தால் சந்தேகப்பட வேண்டும், பழைய எக்ஸ்ரேக்களோடு ஒப்பிட வேண்டும். ஒரே கோணத்தில் மாதாமாதம் எடுத்த சாதா எக்ஸ்ரேயில் ஊகம் கலப்பதில்லை. ஸ்க்ரூ நகர்ந்திருந்தாலோ முறிந்திருந்தாலோ அதில் பல நேரம் தெரிந்துவிடும்.

அதனால் உலோகம் வைத்த உடம்புக்கு ஸ்கேன் எடுக்கப் போகிறவர்கள் இரண்டு காரியம் செய்யலாம். பழைய எக்ஸ்ரேக்களைத் தூக்கிப் போடாம எடுத்துட்டுப் போங்க. சி.டி. வாங்கும்போது, திருத்தாத படங்களும் அதில் இருக்கான்னு கேளுங்க. அடுத்த டாக்டரிடம் போகும்போது இடது பக்கப் படமும் கையில் இருக்கட்டும்.