குழாயடியில் ஒரு நாவல்

போன வாரம் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் ஒரு டீக்கடையில் நின்றிருந்தபோது ஒரு பையன் வந்து பிடித்துக்கொண்டான். கையில் இரண்டு லாங் சைஸ் நோட்டு.

"அண்ணா, நாவல் எழுதியிருக்கேன். படிச்சிட்டுத் திட்டுங்க, பரவால்ல. மூணே டவுட்டு. கதைக்கு விஷயம் எங்கேர்ந்து புடிக்கிறது? வீட்ல ஒரே ரூம், அஞ்சு பேரு. எங்க உக்காந்து எழுதறது? புதுசா எழுத வர்றவனுக்கு என்னா சொல்வீங்க?"

நான் பி.காம். ஐந்தொகையில் பத்து ரூபாய் உதைத்தால் கண்டுபிடிப்பேன். நாவல் எழுதியதில்லை. அதனால், எழுதிக் காட்டிய ஒருவரிடம் அவனை அனுப்பினேன். அவர் 2017-ல் காலமாகிவிட்டார் என்பது சின்னச் சிக்கல். புத்தகங்கள் இருக்கின்றனவே!

அசோகமித்திரன். 1931-ல் செகந்திராபாத்தில் பிறந்த தியாகராஜன். அப்பா இறந்த பிறகு 1952-ல் சென்னைக்கு வந்து ஜெமினி ஸ்டூடியோவில் சேர்ந்தார். என்ன வேலை தெரியுமா? பத்திரிகைச் செய்திகளைக் கத்தரித்து ஃபைலில் வைப்பது! 'இந்த ஆள் நாள் பூரா பேப்பரைக் கிழித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறானே' என்று போகிற வருகிறவர்கள் எல்லாம் நினைத்தார்களாம். அவரே எழுதியிருக்கிறார்.

ஆனால் பாருங்கள், சும்மா உட்கார்ந்திருந்தவர்தான் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். 'கரைந்த நிழல்கள்' சினிமா நாவல். நட்சத்திரங்கள் ஓரமாக வந்துபோவார்கள். நடுவில் நிற்பது புரொடக்ஷன் ஆட்கள். படம் நின்றால் அடுப்பும் நின்றுபோகிறவர்கள். இதுதான் தம்பியின் முதல் டவுட்டுக்குப் பதில். விஷயம் வெளியே எங்கும் இல்லை; சம்பளத்துக்காக நீ உட்காரும் நாற்காலியிலிருந்து என்ன தெரிகிறதோ, அதுதான்.

இரண்டாவது டவுட்டு. தி.நகரில் இருந்த காலத்தில் அவர் வீட்டுச் சந்தடிக்குத் தப்பி, பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து எழுதியவர். சாகித்ய அகாடமி விருது 1996-ல் கிடைத்தது. அதுவரை பெஞ்சும் பேனாவும்தான் மூலதனம். 'தனி ரூம் கிடைக்கட்டும், எழுதறேன்' என்கிறவர்கள் கவனிக்க.

மூன்றாவது, அறிவுரை. ஜெமினி நாட்களைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய பகுதி ஒன்று ப்ளஸ் டூ சி.பி.எஸ்.இ. பாடப் புத்தகத்தில் இருந்தது. அதில் அவர் சொல்வதன் சாரம் இது: உரைநடை மேதைகளின் வேலை அல்ல, மாடாக உழைக்கிறவனின் வேலை. கதை திரும்பி வந்தால் அழக்கூடாது. புதுப் பிரதி எடுத்து, தபால்தலை ஒட்டி, அடுத்த பத்திரிகைக்கு அனுப்ப வேண்டும். ஒருமுறை இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றின் சிறுகதைப் போட்டி அறிவிப்பைப் பார்த்தார். தபால் செலவு அதிகம் ஆயிற்றே! அந்தப் பத்திரிகை அதற்குத் தகுதிதானா என்று பார்க்க பிரிட்டிஷ் கவுன்சில் நூலகத்துக்கே போனார். காமர்ஸ் படித்தவன் கையெடுத்துக் கும்பிடும் இடம் இது.

சரி, இந்தப் பழக்கமெல்லாம் சேர்ந்து என்ன ஆயிற்று? 'தண்ணீர்' ஆயிற்று. 1973-ல் நூலாக வந்த சின்ன நாவல். சென்னையில் ஒரு தெரு. பம்பு அடித்தால் காற்றுதான் வருகிறது. தெருவைத் தோண்டிப்போடுகிறார்கள். வருகிற தண்ணீரில் சாக்கடை கலக்கிறது. சினிமா ஆசை காட்டியவனை நம்பிச் சீரழிந்த ஜமுனா, குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறாள். பக்கத்து டீச்சரம்மா அவளுக்கு உபதேசம் செய்வதில்லை. நோயாளிக் கணவனோடும் கடுகடுக்கும் மாமியாரோடும் தான் ஓட்டுகிற வாழ்க்கையைச் சொல்கிறாள், அவ்வளவுதான். நமக்குத்தான் தொண்டை அடைக்கிறது.

எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. அது வீட்டுக்குள் கைப்பம்பு இருக்கிறவர்களின் தெரு. எங்கள் குழாயடி வேறு. அங்கே கெட்ட வார்த்தை பறக்கும், அடுத்த நிமிஷம் அதே வாய் சிரிக்கும், 'இரு, உன் குடத்தையும் புடிச்சித் தர்றேன்' என்கும். அசோகமித்திரனின் குரல் உயரவே உயராது. அந்தக் கூச்சலை அவர் பேனா பாதியாகக் குறைத்திருக்கும் என்று தோன்றுகிறது. எனவே, தம்பி, அவர் குரலைக் காப்பி அடிக்காதே. கண்ணை மட்டும் கடன் வாங்கு.

நம் பேட்டையின் பெயரே தண்ணீரில் பிறந்ததுதானே! கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுக்கக் குடியேறியவர்களின் ஊர். 2019 பிப்ரவரியில் இங்கே மெட்ரோ வந்தது. அதே கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டன. பூமிக்குக் கீழே ஏ.சி. ரயில். மேலே லாரிக்குக் காத்திருக்கும் பிளாஸ்டிக் குடங்கள். இதைவிட நாவலுக்கு என்ன வேண்டும்?

பையனின் நோட்டை ராத்திரி படித்தேன். முதல் பக்கத்திலேயே கத்தி. மூன்றாம் பக்கத்தில் ரத்தம். வடசென்னை என்றால் வாங்குகிறவர்கள் அதைத்தான் கேட்பார்கள் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். நாற்பதாம் பக்கத்தில் ஒரு காட்சி: விடியற்காலை நாலு மணி. குழாயடி வரிசையில் தன் இடத்துக்கு ஒரு செங்கல்லை வைத்துவிட்டு, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைப் பார்க்க ஓடுகிறாள் ஓர் அம்மா. திரும்பி வருகிறாள். செங்கல் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் புதிதாக ஆறு குடங்கள். அவள் ஒன்றுமே பேசவில்லை.

அந்தப் பக்கம் முழுக்கக் குறுக்குக் கோடு போட்டு அடித்திருந்தான்.

மறுநாள் டீக்கடையில் கேட்டேன், "ஏன்பா இதை அடிச்ச?"

"அது கதையே இல்லண்ணா. எங்கம்மா."

நோட்டை வாங்கி, அடித்த பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் '1' என்று எழிதிக் கொடுத்தேன். இனி அதுதான் முதல் பக்கம்.