பல குரலில் ஒரு நெஞ்சம்

காதல் இருவர்க்கே உரிய பொருள். பிரிவாற்றாமையோ ஒருவர்க்கே உரியது. அங்ஙனமாகவும், தனியொருத்தியின் புலம்பலை ஐவர் அவையில் நின்று பாடுதல் பொருந்துமோ என்னும் ஐயம், மேனாட்டுக் குழுவிசை அரங்கிற் காதற் பாடல்களைக் கேட்போர்க்கு எழுதல் இயல்பே. இதற்கு விடை காண்பதற்கு, இத்தாலிய இசைப்புலவர் கிளாடியோ மொன்ரெவேர்டி (1567-1643) இயற்றிய மட்ரிகற் பாடல்கள் பெரிதும் துணைபுரிவன.

மட்ரிகல் என்பது 16ஆம் நூற்றாண்டிலே இத்தாலியிற் செழித்த பாடல் வகை. சிறு கவிதையொன்றை நால்வர் அல்லது ஐவர், ஒவ்வொருவரும் தத்தமக்குரிய இசையோட்டத்திற் பாடுவர். ஒரு சொல்லை ஒரு குரல் ஏக்கத்தோடு உயர்த்த, பிறிதொரு குரல் அதனையே தளர்ச்சியோடு தாழ்த்தும். எனவே, ஐந்து குரல்களும் ஐந்து மாந்தரைக் குறிப்பன அல்ல. ஒரே நெஞ்சினுள் ஒன்றோடொன்று மாறுபட்டெழும் உணர்வுகளையே குறிப்பன.

இவ்வுணர்வை வெளியிடுதற்பொருட்டு மொன்ரெவேர்டி மரபினை மீறவும் துணிந்தார். இயைபற்ற சுரங்களை விதிக்கு மாறாகக் கையாண்டமையை ஆர்ட்டூசி என்னும் இசையிலக்கண ஆசிரியர் 1600இற் கண்டித்தார். கண்டனத்திற்குள்ளான ‘குரூடா அமரில்லி’ என்ற பாடல், இரங்காத காதலியை நோக்கிய முறையீடு. அதனை மொன்ரெவேர்டி 1605இல் வெளிவந்த தம் ஐந்தாம் தொகுதியின் முதற்கண்ணே வைத்தார். சொல்லே தலைவி, இசை அவளுக்கு ஏவல் செய்வது என்னும் அவர்தம் கொள்கையை அவருடைய தம்பியார் 1607இல் விளக்கியுரைத்தார்.

எனினும், முற்கூறிய ஐயம் முற்றும் பொருளற்றதன்று. 1608இல் மாந்துவா நகரில் அரங்கேறிய ‘அரியன்னா’ என்னும் இசைநாடகத்திலே, கைவிடப்பட்ட தலைவியின் புலம்பல் தனிக்குரலில் அமைந்தது. அப்புலம்பலையன்றி நாடகத்தின் இசை எஞ்சிய பகுதி எதுவும் இன்று கிடைத்திலது. அதனையே அவர் ஐங்குரற் பாடலாக்கி 1614இல் வெளியிட்டார். சுரங்களின் மோதலால் துயரம் அடர்த்தியுற்றது உண்மை. ஆயினும் பேச்சிடையே அவள் திணறி நிற்கும் நிலையும் சொற்றெளிவும் ஓரளவு குன்றின. ஈண்டுப் பெற்றதினும் இழந்ததே மிகுதி எனலாம்.

இக்குறை நீங்கிய நிலையை 1638ஆம் ஆண்டின் எட்டாம் தொகுதியிலுள்ள ‘வனமகளின் புலம்பல்’ காட்டுகின்றது. இதன் கவிதை ரினூச்சினி இயற்றியது. அடியிசையில் நான்கு சுரங்கள் படிப்படியாய் இறங்கி மீண்டும் மீண்டும் ஒலிக்க, அவள் தனித்துப் புலம்புகின்றாள். ஆடவர் மூவர் முன்னும் பின்னும் கதையுரைத்து, இடையிடையே மெல்ல இரங்குகின்றனர். ஆடவர் கைத்தாளத்திற்கும், அவள் தன் உள்ளத்துணர்வின் காலத்திற்கும் இசையப் பாடவேண்டும் என்பது ஆசிரியர் குறிப்பு. துன்புறுவோள் ஒருத்தி, பலராய் நிற்போர் அவள் துயர் கண்டு ஆற்றாதோர். அவையோரின் இரக்கமே பாட்டினுள் குரல் பெற்றுவிட்டது.

ஆதலின், இத்தகைய பாடல்களை அரங்கேற்றுவோர் குரல்வளம் ஒன்றையே நம்புதல் போதாது. ஐவர்க்குரியதை ஐம்பதின்மர் பாடின் முழக்கம் பெருகும், நெஞ்சம் மறையும். வனமகளைத் தாளத்திற் பிணிப்பின் அவள் புலம்பல் வெறும் பயிற்சியாகிவிடும். பிறர் குரலைச் செவிமடுத்துத் தன் குரலை அடக்கத் தெரிந்தவரே பலராய் நின்று ஒரு நெஞ்சின் காதலைப் பாடுதற்குரியர்.