எழுத்துப் பதிலீடும் கல்வெட்டுச் சான்றும்: உத்திரமேரூர்ப் பாடத்தை முன்வைத்து

முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) தமிழில் அமைந்தவை, ‘ஸபை’, ‘ஸம்வத்ஸர வாரியம்’ முதலிய வடசொற்களில் கிரந்த எழுத்துகள் விரவியுள்ளன. இப்பாடத்தைக் கணினியில் உள்ளிட்டபின், தேடல் எளிமை கருதி ‘ஸ’கரத்தை எங்கும் ‘ச’கரமாக மாற்ற ஒரே கட்டளை போதும். ஆயின், அம்மாற்றத்தை மீட்க இயலாது. ‘சபை’யை மீண்டும் ‘ஸபை’ ஆக்கும் எதிர்க்கட்டளை, அதே கல்வெட்டில் வரும் ‘சேரி’யையும் ‘ஸேரி’ ஆக்கிவிடும். ஈரெழுத்து ஓரெழுத்தானபின், எது எங்கிருந்தது என்பதற்கு எழுத்துச்சரத்தில் சான்றில்லை. எச்சொல் கிரந்தத்தில் பொறிக்கப்பட்டது என்பது எழுத்து வரலாற்றுக்குரிய தரவு; அதுவே அழிகிறது. அச்சுப் பதிப்பாசிரியர் தம் திருத்தத்தை அடிக்குறிப்பில் சுட்டுவார். கட்டளையோ சுவடின்றித் திருத்திவிடும். எனவே மூலச்சரம் மாறாதிருத்தல் வேண்டும். பதிலீடு, தேடலுக்கென அமைக்கும் தனிப்படியில் மட்டுமே நிகழ்தல் தகும்.