துப்பறிவோரும் ஆயரும்: சில திரைவடிவங்களைக் குறித்த திறனாய்வு

சென்னைக்கு மேற்கே, பூவிருந்தவல்லியைக் கடந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் செல்வோர் நசரத்பேட்டையைக் காண்பர். பெயரைக் கேட்டவுடன் ஊழியருக்கு நாசரேத்தூர் நினைவுக்கு வரும். ஏனையோருக்கோ படப்பிடிப்பு வளாகமே முதலில் நினைவுக்கு வரும். ஒட்டுப்பலகையாலும் சாயத்தாலும் நீதிமன்றமும் மாளிகையும் எழும்பி, சில வாரங்களில் சுவடின்றி மறையும் இடம் அது. இவ்வூரில் உள்ள நம் இல்லத்தில், மாதத்தில் ஒரு மாலை இறையியல் மாணவர் சிலரோடு அமர்ந்து, புகழ்பெற்ற துப்பறியும் கதைகளின் திரைவடிவங்களைக் காண்பது நமது வழக்கம். அண்மையில் ஒரு மாணவர் தயங்கித் தயங்கி வினவினார்: “ஐயா, அருளுரை ஆயத்தம் செய்ய வேண்டிய சனிக்கிழமையில் கொலைக்கதை பார்ப்பது தகுமா?”

வினா நியாயமானது. சிரித்து மழுப்பிவிட நமக்கு மனமில்லை. இவ்வகைப் படங்களில் நமக்கு நெடுங்காலமாக உள்ள ஈடுபாட்டை மறைக்காமல், அவ்வீடுபாடு ஆயர் பணிக்கு எவ்விடத்தில் துணையாகிறது, எவ்விடத்தில் இடறலாகிறது என்பதை ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

ஈடுபாட்டின் வேர்

துப்பறியும் கதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும் அதன் அடியில் ஒரு நம்பிக்கை உண்டு. மறைந்தது வெளிப்படும், குற்றமற்றவன்மேல் சுமத்தப்பட்ட பழி நீங்கும், உலகம் பொருளற்ற குழப்பமன்று என்பதே அது. இந்நம்பிக்கை திருமறைக்கு அந்நியமானதன்று. தள்ளுபடி ஆகமங்களுள் ஒன்றாகிய சூசன்னாளின் வரலாற்றில், இளைஞனாகிய தானியேல் பொய்ச்சாட்சிகள் இருவரையும் பிரித்து நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர்கள் எனத் தனித்தனியே வினவுகிறான். இருவரும் வெவ்வேறு மரங்களைக் கூற, பொய் வெளிப்படுகிறது. துப்பறியும் கதைகளின் ஆசிரியராகவும் சமய நாடகங்களின் ஆசிரியராகவும் விளங்கிய டாரதி சேயர்ஸ் அம்மையார், 1928இல் தாம் தொகுத்த துப்பறியும் கதைத் திரட்டில் இவ்வரலாற்றையும் சேர்த்தார். தானியேலின் விசாரணை ஓர் உயிரைக் காக்க எழுந்தது என்பது ஈண்டுக் கருதத்தக்கது. உண்மையைத் தேடும் அறிவு மீட்புக்குப் பணிசெய்யக்கூடும். ஆகவே துப்பறிதலைப் பொதுவாகக் கண்டிப்பது நம் நோக்கமன்று.

தமிழ்த்திரை தந்தவை

தமிழிலும் இம்மரபு பழையதே. வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் நாவல்கள் திரைப்படங்களாயின. அவருடைய ‘மேனகா’ 1935இல் படமாயிற்று. அவர் படைத்த துப்பறியும் துறவியை, 1950இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் ‘திகம்பர சாமியார்’ என்னும் படத்தில் திரைக்குக் கொணர்ந்தனர். பிற்காலத்தில் கொடியவர் வேடங்களால் நாடறிந்த எம். என். நம்பியார், இதில் பல மாறுவேடங்கள் பூண்டு குற்றத்தை வெளிக்கொணரும் நல்லவராக நடித்தார். துறவியே துப்பறிவாளராக வருகிறார் என்பது நமக்கு ஆர்வமூட்டும் செய்தி. எனினும் துறவு இங்கு மாறுவேடங்களுள் ஒன்றாக நின்றுவிடுகிறது. குற்றவாளியின் உள்ளத்தோடு இத்துறவிக்கு உரையாடல் எதுவுமில்லை. அவனைச் சிக்கவைக்கும் சூழ்ச்சியே பெரிதாகிறது.

1954இல் ஏ.வி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட ‘அந்த நாள்’ வேறு தரத்தது. பழைய துப்பறியும் கதை எதனின் தழுவலுமன்று; ஜப்பானியப் படமாகிய ‘ரஷோமோன்’ தந்த தூண்டுதலால் எஸ். பாலசந்தர் உருவாக்கியது. பாடலும் ஆடலும் இல்லாத இப்படத்தில், சாட்சிகூறும் ஒவ்வொருவரும் ஐயத்தை வேறொருவர்மீது திருப்புகின்றனர். ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தில், ஆதாம் ஏவாளையும் ஏவாள் சர்ப்பத்தையும் சுட்டிக்காட்டிய அதே கைவிரல்களை இங்கும் காண்கிறோம். சுஜாதாவின் வழக்கறிஞர் கணேஷ், 1978இல் ‘ப்ரியா’ படத்தில் ரஜினிகாந்த் உருவில் வந்தபோதோ, கதையின் நுண்மையை நட்சத்திரத்தின் ஒளி விழுங்கிற்று. அறிவால் வெல்லும் மனிதனைக் கைபலத்தால் வெல்லும் நாயகனாக்குவது நம் திரையின் நீங்காப் பழக்கம் எனலாம்.

கூடத்துக் காட்சி

இவ்வகைக் கதைகளில் பெரிதும் விரும்பப்படும் கட்டம் ஒன்றுண்டு. ஐயத்துக்குரிய அனைவரும் ஒரு கூடத்தில் அமர்த்தப்படுகின்றனர். துப்பறிவாளர் நடுவில் உலவிக்கொண்டே ஒவ்வொருவர் மறைவையும் திறந்துகாட்டி, இறுதியில் ஒருவரைச் சுட்டுகிறார். திரையில் இக்காட்சி ஏட்டில் உள்ளதினும் வலிமை பெறுகிறது. முகங்களை நாம் காண்கிறோம் அல்லவா! வெளிப்பட்டவன் முகம் வெளிறும்போது, காண்போர் உள்ளத்தில் நிறைவு உண்டாகிறது. அந்நிறைவு எத்தகையது என்பதே நம் வினா.

அகதா கிறிஸ்டியின் ‘ஓரியண்ட் எக்ஸ்பிரஸில் கொலை’ 1934இல் வெளிவந்தது. குழந்தையொன்றைக் கடத்திக் கொன்று, சட்டத்தின் பிடியிலிருந்து தப்பிய ஒருவனை, பனியில் சிக்கிய இரயிலில் பன்னிருவர் கூடிக் குத்திக் கொல்கின்றனர். பன்னிருவர் என்பது சான்றாயர் குழுவின் எண்ணிக்கை. 1974இல் சிட்னி லூமெட் இயக்கிய படத்தில் ஆல்பர்ட் ஃபின்னி துப்பறிவாளர் பொய்ரோவாக நடித்தார். அருட்பணிப் பெண்ணாக நடித்த இங்க்ரிட் பெர்க்மனுக்கு ஆஸ்கர் பரிசு கிடைத்தது. செபிக்கும் கைகளும் கத்தியைப் பிடித்தன என்பது அக்கதையின் கூர்மையான செய்தி. ஆனால் அப்படம் அதில் தங்குவதில்லை; கோப்பைகளை உயர்த்தி மகிழும் காட்சியோடு இனிதே முடிகிறது. 2017இல் கென்னத் பிரானா எடுத்த படம், பன்னிருவரையும் சுரங்கவழியின் வாயிலில் நீண்ட மேசையின் பின்னே அமர்த்தி, இராப்போசன ஓவியத்தை நினைவூட்டுகிறது. காட்சி அழகியது, ஆயினும் அவ்வடையாளம் கதையின் சிந்தனையை ஆழப்படுத்திற்று எனச் சொல்வதற்கில்லை.

இவற்றினின்று முற்றிலும் வேறுபட்டது, 2010இல் ஒளிபரப்பான டேவிட் சூஷேயின் வடிவம். சூஷே 1989 முதல் 2013 வரை 70 தொலைக்காட்சிப் படங்களில் பொய்ரோவாக நடித்தவர். 1986இல் ஒரு விடுதி அறையில் உரோமர் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தை வாசித்ததே தம்மை விசுவாசத்துக்கு நடத்திற்று என்று சான்றுபகர்பவர். இப்படம் தொடங்கும்போதே பொய்ரோ ஓர் இராணுவ அதிகாரியின் பொய்யை ஈவிரக்கமின்றி அம்பலப்படுத்துகிறார். அவன் அங்கேயே தன்னைச் சுட்டுக்கொண்டு மடிகிறான். பின்னர் இஸ்தான்புல் நகர வீதியில், விபசாரக் குற்றம் சாட்டப்பட்ட பெண்மீது கல்லெறியப்படுவதைக் காண்கிறோம். யோவான் எட்டாம் அதிகாரத்தை அறிந்தவருக்கு இக்காட்சி எதைக் கேட்கிறது என்பது விளங்கும். இறுதியில் பன்னிருவரையும் காவலரிடம் ஒப்புவிக்காமல், பொய்ரோ செபமாலையைப் பற்றிக்கொண்டு கலங்கிய கண்களோடு பனியில் நடந்து செல்கிறார். செய்தது சரியா தவறா என்று அவருக்கே தெரியவில்லை.

மூலநூலின் விளையாட்டுத்தன்மையை இவ்வடிவம் கெடுத்துவிட்டது என்று குறைகூறும் அன்பர் பலர். அக்குறையில் உண்மை இல்லாமலில்லை. நாவலில் இத்தகைய வேதனை கிடையாது. எனினும் நாம் இதனையே சிறந்ததாகக் கொள்கிறோம். கூடத்துக் காட்சியில் தீர்ப்புக்குட்படாத ஒருவர் எப்போதும் உண்டு, அவர் சுட்டிக்காட்டுகிறவர். இப்படமோ அவரையும் தீர்ப்பின்கீழ்க் கொண்டுவருகிறது.

தனிமையில் நிகழும் உரையாடல்

மத்தேயு பதினெட்டாம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் கற்பித்த ஒழுங்கை இதனோடு ஒப்பிட்டு நோக்குவோம். குற்றஞ்செய்த சகோதரனிடம் முதலில் தனிமையில் செல்லவேண்டும், பின்பு ஓரிருவரோடு, அதன்பின்னரே சபைக்கு அறிவித்தல். சகோதரனை ஆதாயப்படுத்துவதே நோக்கம். கூடத்துக் காட்சி இவ்வொழுங்கைத் தலைகீழாக்கி, சபையில் தொடங்கிச் சபையிலேயே முடிகிறது. ஆயினும் துப்பறியும் இலக்கியத்திலேயே இவ்வொழுங்கை மதிக்கும் கதைகள் உண்டு.

கானன் டாயில் 1892இல் வெளியிட்ட ‘நீலக்கல்’ கதையில், ஷெர்லக் ஹோம்ஸ் திருடனைத் தம் அறையில் தனிமையில் எதிர்கொண்டு, கிறிஸ்து பிறப்புக் காலத்தில் அவனை மன்னித்து அனுப்பிவிடுகிறார். ஆனால் பழிசுமந்து சிறையிலிருக்கும் ஏழைத் தொழிலாளியை அக்கதை ஒரு வாக்கியத்தோடு கைவிடுகிறது. 1984இல் கிரானடா தொலைக்காட்சியார் ஜெரமி பிரெட்டைக் கொண்டு எடுத்த வடிவமோ, அத்தொழிலாளி விடுதலை பெற்று மனைவி மக்களோடு சேர்வதையும் காட்டுகிறது. குற்றவாளிக்கு இரக்கம் காட்டுகையில் பாதிக்கப்பட்டவனை மறத்தல் ஆகாது என்று திரை ஏட்டைத் திருத்திய அரிய இடம் இது. திருச்சபைகளிலும் இத்திருத்தம் தேவை.

செஸ்டர்டனின் பிரௌன் பாதிரியார் கதைகள் 1911 முதல் 1935 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தன. முதல் தொகுதியின் ‘கடவுளின் சுத்தியல்’ கதையில் கொலைசெய்தவர் ஓர் உதவிக்குரு. ஆலயத்தின் உயரத்தில் நின்று செபித்துப் பழகியவர். அங்கிருந்து மனிதர் பூச்சிகளாகத் தோன்றியமையால், பாவியாகிய தம் அண்ணன்மீது சுத்தியலை வீழ்த்தினார். பிரௌன் அவரைக் கூட்டத்தின்முன் நிறுத்தவில்லை. அதே உயரத்தில் தனிமையில் பேசுகிறார். குதித்து மாளாதபடி பிடித்துக்கொள்கிறார். பழியைக் கொல்லன்மேல் சுமத்த வாய்ப்பிருந்தும் அவர் அதைச் செய்யாததில் எஞ்சியிருந்த இரக்கத்தைக் கண்டு, முடிவை அவரிடமே விடுகிறார். உதவிக்குரு இறங்கிவந்து தாமே சரணடைகிறார். ஊழியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கொருமுறை படிக்கத்தக்க கதை இது.

அதே தொகுதியில், திருடன் பிளாம்போ இரவில் மரமேறி நிற்க, கீழிருந்து பிரௌன் அவனோடு பேசி வைரங்களைக் கைவிடச் செய்கிறார். சகேயுவை நினையாமல் இதனைப் படித்தல் அரிது. பிளாம்போ மனந்திரும்பிப் பிரௌனின் நண்பனாகிறான். 1954இல் அலெக் கின்னஸ் நடித்த படமும் இவ்வழியே சென்று, பிளாம்போவை ஆலயத்தினுள் கொணர்ந்து முடிகிறது. 2013இல் தொடங்கிய பி.பி.சி. தொடரோ, கதைகளை 1950களின் சிற்றூர் ஒன்றுக்கு மாற்றிவிட்டு, பிளாம்போவைத் திரும்பத் திரும்பத் திருடனாகவே வரவழைக்கிறது. காரணம் எளிது. மனந்திரும்பிய திருடன் தொடருக்குப் பயன்படான். ஆண்டுதோறும் திரும்பிவர எதிரி வேண்டும். தொடர் இனிமையாகவே உள்ளது; நாமும் விரும்பிப் பார்ப்போம். ஆயினும் ஒருவன் மாறக்கூடும் என்னும் செஸ்டர்டனின் உயிர்நாடியை அது விலையாகக் கொடுத்திருக்கிறது.

நம் சேகரங்களில்

இவ்வளவு கண்டிப்பாகக் கூறுவதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்குமுன் நாம் பொறுப்பேற்றிருந்த ஒரு சேகரத்தில், அறுப்பின் பண்டிகை ஏலக்கணக்கில் சில ஆயிரம் ரூபாய் குறைந்தது. நாம் இரசீதுப் புத்தகங்களைத் தருவித்து, எண்களை ஒப்பிட்டு, கிழிந்த தாள்களையும் திருத்திய கையெழுத்தையும் கண்டுபிடித்தோம். பின்னர்ச் சேகரக் குழுவைக் கூட்டி, ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தோம். எல்லாக் கண்களும் ஒருவர்மேல் திரும்பின. கூற வெட்கமாயிருக்கிறது, அக்கணம் நமக்கு உண்டானது துயரமன்று, மகிழ்ச்சி.

அடுத்த ஞாயிறு அக்குடும்பத்தின் இருக்கை வெறுமையாயிருந்தது. தாயின் மருத்துவச் செலவுக்கு அவர் பணத்தை எடுத்திருந்தார். அதை நம்மிடம் சொல்ல ஒரு சனிக்கிழமை மாலை வாசல்வரை வந்து, உள்ளே நாம் விருந்தினரோடு தொலைக்காட்சிமுன் அமர்ந்திருக்கக் கண்டு திரும்பிச் சென்றார் என்பதை அவர் மனைவி பின்னர் கூறினார். நம் கணக்கு பிழையற்றது. பணமும் திரும்பக் கிடைத்தது. சகோதரனை மட்டும் இழந்தோம். பின்னர் இருமுறை அவர் இல்லம் சென்றோம். மரியாதையோடு நாற்காலி போட்டார், காப்பி கொடுத்தார், ஆலயத்துக்கு வரவில்லை.

திருச்சபையின் பணத்தைக் காப்பதும் கணக்குக் கேட்பதும் ஊழியரின் கடமையே. மறைத்துவிடுதல் இரக்கமாகாது, எளியோர் பாதிக்கப்பட்ட இடத்தில் அது அநீதியாகவும் முடியும். அக்கடமையை எவ்வொழுங்கில், எந்த மனநிலையில் செய்கிறோம் என்பதே வினா. பிரசங்க பீடமும் ஓர் உயரமே. அங்கிருந்து பெயர் கூறாமல் ஒருவரைச் சுட்டுவதும் கூடத்துக் காட்சியின் இன்னொரு வடிவமே. சபையார் அனைவருக்கும் யாரென்று தெரியும்.

ஆகவே மாணவரின் வினாவுக்கு நம் விடை இது: பார்க்கலாம், விருப்பத்தோடே பார்க்கலாம். 1974இன் வடிவத்தையும் 2010இன் வடிவத்தையும் அடுத்தடுத்துக் கண்டு, மத்தேயு 18ஐயும் யோவான் 8ஐயும் திறந்துவைத்து உரையாடுதல் ஆயர்பணி வகுப்புக்கு நல்ல பயிற்சியாகும். குற்றவாளி வெளிப்படும் கணத்தில் நம் உள்ளத்தில் எழும் மகிழ்ச்சி யாரைக் குறித்தது என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்வாராக. வாசலில் யாரேனும் வந்து நின்றால், படம் பாதியில் இருப்பினும் எழுந்து செல்வோமாக.