டிரைவின் வாக்குமூலம்

சிடி எழுதும்போது வேலை பாதியில் நின்றால், பல மென்பொருள்கள் ‘எழுத முடியவில்லை’ என்று கைவிரித்துவிடும். யோர்க் ஷில்லிங் 1990களில் எழுதத் தொடங்கிய சிடிரெக்கார்ட் என்ற கட்டளைவழிக் கருவி அப்படியல்ல. டிரைவ் தந்த பதிலை மழுப்பாமல் திரையில் கொட்டிவிடும். முரட்டுத்தனமாகத் தெரியும் அந்த எண்களில்தான் இக்கருவியின் அழகு இருக்கிறது என்பேன்; பழுதைத் தேட வேண்டிய இடத்தை அவை குறுக்கித் தருகின்றன. ‘சென்ஸ் கீ’ என்ற பிழைவகை எண் 2 என்றால் டிரைவ் தயாராக இல்லை, உள்ளே தட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 5 என்றால் டிரைவ் ஏற்காத எதையோ நாம் கேட்டிருக்கிறோம். 3 வந்தால் தட்டில் தகராறு. கூடவே 73 என்ற குறியீடும் வந்தால், எழுதுமுன் தட்டின் உள்விளிம்பில் லேசரின் வலுவைச் சரிபார்க்கும் சோதனையே தோற்றிருக்கக்கூடும். வேறு தயாரிப்புத் தட்டைப் போடலாம், வேகத்தைக் குறைக்கலாம், லென்ஸைத் துடைக்கலாம். லினக்ஸ் கர்னலை மாற்றி நிறுவுவது வெட்டி வேலை.

‘டம்மி’ என்ற தெரிவு இன்னும் நயமானது. எழுதும் வலுவுக்கு லேசரை ஏற்றாமல் மற்றதெல்லாம் நடக்கும்: முழு ஒத்திகை. கணினியின் வன்வட்டிலிருந்து தரவு தடையின்றி வருகிறதா என்பது தெரிந்துவிடும். தட்டின் தரம் மட்டும் தெரியாது. எழுதி முடித்ததும், தரவு டிரைவுக்குப் போகுமுன் காத்திருக்கும் இடைத்தேக்கம் எத்தனை முறை காலியானது, எத்தனை முறை நிரம்பியது என்று ஒரு கணக்கு வரும். காலியானது சுழி, நிரம்பியது ஆயிரக்கணக்கில் என்றால் கணினி மீது பழி போட முடியாது.

இதெல்லாம் நிபுணர்களுக்கு, சாதாரண ஆளுக்குக் கேத்ரீபி போன்ற சன்னல் மென்பொருள் போதாதா என்பார்கள். போதும், கோளாறு வரும்வரை. கேத்ரீபி திரைமறைவில் அழைப்பதும் இத்தகைய கட்டளைகளைத்தான்; அதன் பிழைப் பதிவைத் திறந்தால் அதே எண்கள் நிற்கும். இதைவிடக் கனமான ஆட்சேபம், பிழைச்செய்தியே ஆளை ஏமாற்றும் என்பது. உண்மைதான். தடம் தடமாக எழுதும் முறையில் கடைசியில் தரவே இல்லாத இரண்டு பிளாக்குகள் சேரும். தட்டைத் திரும்பப் படிக்கும் லினக்ஸ் அங்கே முட்டிக்கொண்டு, உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை என்று அலறும். நல்ல தட்டு குப்பைக்குப் போகும். செய்தி பொய்யில்லை, அதிலிருந்து நாம் எடுத்த முடிவுதான் பிசகு. ஐசோசைஸ் கட்டளையால் உண்மையான அளவை அறிந்து, 2048 பைட் பிளாக்குகளாக அவ்வளவை மட்டும் படித்து, அதன் எம்டி5 சரிபார்ப்புக் கூட்டை மூலக் கோப்பின் கூட்டோடு ஒப்பிட்டால் விவகாரம் தீர்ந்துவிடும்.