வழிகாட்டியும் வாடகை வண்டியும்

கல்முனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் பெருந்தெரு எங்கள் தேற்றாத்தீவை ஊடறுத்துச் செல்கின்றமையால், கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் இங்கிலாந்திலும் குடியேறிய நம்மவர்கள் தம் பிள்ளைகளோடு ஊர் திரும்பும் ஆடி, ஆவணி மாதங்களில், கண்ணாடி ஏற்றிய வான் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வடக்கு நோக்கி ஓடுவதை எங்கள் ஊரவர் நாள்தோறும் காண்கின்றனர். முன்னிருக்கையில் இருக்கும் சாரதியே பெரும்பாலும் வழிகாட்டியாகவும் இருப்பார். காலையில் புறப்பட்டு, பொழுது சாய்வதற்குள் மட்டுநகரின் சரித்திரத்தைக் காட்டி முடிப்பதென்பது அவருக்கும் வந்தவருக்கும் இடையிலான உடன்பாடு. இவ்வழக்கம் இன்று நம் பிரதேசத்தில் வேரூன்றிவிட்டது. வேரூன்றிய ஒன்றை வெறும் வியாபாரம் என்று ஒதுக்குவதும், நாட்டுக்கு வருமானம் என்று வாழ்த்திவிட்டு அகல்வதும் ஒருசேரத் தவறாகும் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் அதன் நன்மையை மனமார ஒப்புக்கொள்ள வேண்டும். மட்டக்களப்பு ஒரே மதிலுக்குள் அடங்கிய நகரமன்று. வாவியின் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை, இடையே புளியந்தீவு என நீரும் நிலமும் பின்னிக் கிடக்கும் தேசம் அது. கோட்டையைக் கண்டவர் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்தையும் காண விரும்பினால், நகரிலிருந்து மண்முனை வந்து, 2014 இல் திறக்கப்பட்ட பாலத்தின் வழியே வாவியைக் கடந்து, வயல்வெளிகளுக்கூடாக மேற்கே செல்லவேண்டும்; மண்டூர் முருகனைத் தரிசிக்க விரும்பினால், குருமண்வெளித் துறையில் ‘பாதை’ என்று இப்பக்கத்தார் வழங்கும் மிதவையில் வண்டியோடு ஏறி அக்கரை சேரவேண்டும். பஸ் வண்டிகளை நம்பி இத்தனையையும் ஒருநாளில் முடிப்பது இளைஞர்க்கே அரிது. முழங்கால் வலியோடு முப்பது ஆண்டுகளின் பின் பிறந்த மண்ணை மிதிக்கும் ஒரு மூதாட்டிக்கு அது ஆகாத காரியம். அவளைக் கோயில் வாசல்வரை கொண்டுசென்று, நிழலில் இருத்தி, அவள் மனம் நிறையும்வரை காத்திருந்து, மீண்டும் வீட்டில் சேர்க்கும் தனிவண்டியின் உபகாரத்தை நான் சிறிதும் குறைத்து மதிப்பதற்கில்லை. அன்றியும், ஐம்பது பேர் ஏறிய பெரிய பஸ்ஸில் வாய்திறக்கக் கூசும் ஒரு சிறுமி, தன் தாய்தந்தையரோடு மட்டும் இருக்கும்போது, “இந்தக் கோயிலை ஆர் கட்டினது?” என்று தன் அரைகுறைத் தமிழில் கேட்டுவிடுகிறாள், அந்தக் கேள்விக்கு இடம் கிடைப்பதே இம்முறையின் தலையாய சிறப்பு.

வழிகாட்டுதல் நம்மவர்க்குப் புதிய கலையுமன்று. பரிசில் பெற்று மீளும் கலைஞன் எதிர்ப்பட்ட இன்னொரு கலைஞனுக்கு வழியும் ஊரும் உணவும் உரைத்து ஆற்றுப்படுத்துவதையே ஓர் இலக்கிய வகையாக்கி, ஆற்றுப்படை என்று பெயரிட்டுப் பத்துப்பாட்டின் பாதியை அதற்கே அளித்தனர் நம் முன்னோர். சிலப்பதிகாரத்தில் மாங்காட்டு மறையோன் மதுரைக்குச் செல்லும் மூன்று வழிகளையும் அவ்வவற்றின் இடர்களோடு எடுத்துரைத்துவிட்டு, தேர்வைக் கேட்டவர்க்கே விட்டுவிடுகிறான். வைகாசியில் கதவு திறந்து குளிர்த்தி பாடிக் கண்ணகியை இன்றும் வழிபடும் இந்த மண்ணில் அக்காட்சியை நினைவூட்டுவது பொருத்தமுடையதாகும். அப்பழைய வழிகாட்டிகளிடம் இரு லக்ஷணங்கள் உண்டு: அவர்கள் தாம் நடந்த வழியையே சொன்னார்கள், இடர் உள்ள இடத்தை மறைக்காமல் சொன்னார்கள். இன்றைய சுற்றுலாவையும் இவ்விரண்டு கொண்டே அளக்க விரும்புகிறேன்.

வண்டிகள் வழக்கமாக நிற்கும் இடங்களைப் பார்ப்போம். புளியந்தீவுக் கோட்டை, அதன் பீரங்கிகள், வில்லியம் ஓல்ட் பாதிரியார் 1814 இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி, கல்லடிப் பாலம், ஆழிப்பேரலையில் கோபுரம் சரிந்த கல்லடித் திருச்செந்தூர் முருகன் ஆலயம், 1913 இல் எழுந்த பாலமீன்மடு வெளிச்சவீடு. இவை காணத்தக்கவையே. எனினும் இந்த அட்டவணையைக் கூர்ந்து நோக்கினால், கடலிலிருந்து வந்தவர்கள் விட்டுச்சென்றவையும் கடலே விட்டுச்சென்றதுமே இதில் பெரும்பகுதி என்பது புலனாகும். கோட்டை வாசலில் நின்று, போர்த்துக்கேயர் 1628 இல் கட்டினர், ஒல்லாந்தர் 1638 இல் கைப்பற்றினர் என்ற இரு வாக்கியங்களைக் கேட்டதும் வந்தவர்கள் புகைப்படம் எடுக்கத் தொடங்கிவிடுகின்றனர். கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கன் படையோடு வந்து ஒல்லாந்தரோடு சேர்ந்து நின்றதும், அதே ஆண்டு இதே மட்டக்களப்பில் அவனும் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டும் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டதும், அவ்வுடன்படிக்கையின் வாசகத்தைப் பற்றிய பிணக்கு பின்னர் நெடும் பகையாக வளர்ந்ததும் சொல்லப்படுவது அரிது. இலங்கையின் அடுத்த நூற்றைம்பது ஆண்டுச் சரித்திரம் திரும்பிய முனையில் நிற்கிறோம் என்பதை அறியாமலே அச்சிறுமி மீண்டும் வண்டியில் ஏறுகிறாள்.

இன்னொன்று: புளியந்தீவு நடந்து பார்க்கவேண்டிய இடம். காலை வெயில் ஏறுமுன் கோட்டையிலிருந்து புறப்பட்டால், மத்திய கல்லூரி, புனித மிக்கேல் கல்லூரி, பேராலயம், பழைய ஓட்டுவீடுகள், வாவியோரத்தில் தூண்டில் போட்டு நிற்பவர் எனச் சிறிது நேரத்தில் அத்தீவை வளைந்து வந்துவிடலாம். வாகனம் அவ்வளவையும் ஜன்னல் ஓரத்துக் காட்சியாக மாற்றி, ஒரு வாசலுக்கும் அடுத்த வாசலுக்கும் இடையே இரண்டு நிமிஷ ஓட்டமாகச் சுருக்கிவிடுகிறது. காலி நகரின் கோட்டை 1988 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த பின் அங்கு செல்வோர் பெரும்பாலும் கால்நடையாகவே அதன் மதிலைச் சுற்றி வருகின்றனர். நம் சிறு தீவுக்கு அந்த மரியாதையேனும் கிட்டவேண்டும்.

கல்லடிப் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில ஆள்பதியின் மனைவி மானிங் சீமாட்டியின் பெயர் தாங்கி 1920களில் அமைந்த அந்த இரும்புப் பாலத்தின் அருகே, 2013 இல் திறக்கப்பட்ட புதுப் பாலத்தின் கரையில் வண்டியை நிறுத்தி, “இங்கேதான் மீன் பாடும்” என்று சொல்வது வழக்கம். நடுப்பகல், லொறிகளின் இரைச்சல், எந்த மீனும் பாடாது. அந்த ஓசையைக் கேட்க விரும்புவோர் மழையில்லாத மாதங்களில், பூரணைக்கு அண்டிய இரவில், போக்குவரத்து அடங்கிய பின் தோணியில் வாவிக்குள் சென்று, துடுப்பை நீருள் ஊன்றி அதன் மேல்நுனியைக் காதில் வைத்துக் கேட்கவேண்டும். அப்போது, நனைந்த விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தடவினாற்போன்ற நீண்ட மெல்லொலி எழும். இயேசு சபைத் துறவியான லாங் அடிகளார் அதனை ஒலிப்பதிவு செய்து வானொலி வழியே உலகறியச் செய்தார். அது மீனின் ஒலியோ, பாறையில் ஒட்டிய நத்தையின் ஒலியோ என்ற விவாதம் முற்றுப்பெறவில்லை. அந்த விவாதத்தையேனும் குழந்தைகளுக்குச் சொல்லலாம். மாலைக்குள் வண்டி விடுதிக்குத் திரும்பிவிடவேண்டும் என்ற ஒரே நியமத்தால், மட்டக்களப்பின் கீர்த்திக்கே காரணமான ஒன்று சுற்றுலாவின் எல்லைக்கு வெளியே நின்றுவிடுகிறது. விரும்பிய வேளையில் விரும்பிய இடத்தில் நிற்கலாம் என்ற சுதந்திரத்துக்காகத்தானே வந்தவர் தனிவண்டிக்குப் பெரும்பணம் கொடுக்கிறார்? அந்தச் சுதந்திரம் முழுவதும் அதிக இடங்களைத் தொட்டுவருவதிலேயே செலவாகிவிடுவதுதான் இம்முறையின் அடிப்படைக் குற்றம்.

இதனினும் கனமான விஷயம் ஒன்றுண்டு. கல்லடிக்கும் ஆரையம்பதிக்கும் இடையே, தெருவின் நடுவே பேரீச்ச மரங்கள் வரிசையாக நிற்கும் காத்தான்குடியை வண்டிகள் கடக்கின்றன. 1990 ஆகஸ்ட் 3 ஆம் நாள் இரவு, அங்குள்ள இரு பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கு மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் விடுதலைப் புலிகளால் சுட்டுக்கொல்லப்பட்டனர்; குண்டு துளைத்த சுவர் இன்றும் காக்கப்பட்டுள்ளது. அதற்கு அடுத்த மாதம் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்த தமிழரில் நூற்றைம்பதுக்கு மேற்பட்டோரை இராணுவத்தினர் அழைத்துச் சென்றனர், அவர்கள் மீளவில்லை. சத்துருக்கொண்டான், மகிழடித்தீவு, குருக்கள்மடம் என்று இத்தகைய கொலைகளைக் கண்ட ஊர்களின் பெயர்கள் இக்கரையிலும் அக்கரையிலும் நீளும். 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் குழந்தைகள் மடிந்தது நேற்று நடந்ததுபோல் இருக்கிறது. ஏறத்தாழ நானூறு ஆண்டுக்கு முந்திய முற்றுகையைத் தேதியோடு சொல்லும் வழிகாட்டி, இவற்றைக் கடக்கும்போது வானொலியின் ஒலியைக் கூட்டிவிடுகிறார்.

அந்த மௌனத்தை நான் முழுவதும் கண்டிக்கத் துணியேன். இழந்தவர்களும் இழப்பித்தவர்களின் உறவினரும் இதே தெருவில் வாழ்கின்றனர். முன்பின் அறியாத பிரயாணியிடம் ஒரு சொல் கூடிப்போனால் அதன் பலனை அனுபவிப்பவர் கூலிக்கு வண்டியோட்டும் அந்த மனிதரே. கட்டணம் வாங்கிக்கொண்டு துக்கத்தைக் காட்சியாக்குவதில் உள்ள அநாகரிகமும் சிறிதன்று. எனினும், மௌனம் வேறு, மறைத்தல் வேறு. தமிழருக்கு நேர்ந்ததை மட்டும் தமிழ்க் குடும்பத்துக்குச் சொல்லி முஸ்லிம்களுக்கு நேர்ந்ததை விழுங்குவதோ, முஸ்லிம் குடும்பம் ஏறியபோது அதனைத் தலைகீழாகச் செய்வதோ வழிகாட்டுதல் ஆகாது. இரண்டையும் ஒரே வாயால், ஒரே குரலில், விரிக்காமல் சொல்லத் தெரிந்தவர் சொல்லட்டும். இயலாதவர் இரண்டையும் விடட்டும். காத்தான்குடி மரபுரிமை நூதனசாலையில் சற்று நேரம் இறங்கி, அவ்வூரின் நெசவையும் வணிகத்தையும் பழைய வீட்டுச் சாமான்களையும் காட்டுவதற்கோ எந்தப் பயமும் தடையாக இருக்க நியாயமில்லை.

தெருவோரத்து மற்ற ஊர்களையும் வண்டிகள் இவ்வாறே நில்லாமல் கடந்துவிடுகின்றன. கல்லடி உப்போடையில் சிவானந்தா வித்தியாலய வளவில் விபுலாநந்த அடிகளின் சமாதி இருக்கிறது. காரைதீவில் 1892 இல் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்து, தம் யாழ்நூல் அரங்கேறிய 1947 ஆம் ஆண்டிலேயே மறைந்த அம்மேதை துயிலும் இடம் பெருந்தெருவுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தும், அநேக வண்டிகள் நிற்பதில்லை. செட்டிபாளையத்துக் கண்ணகி அம்மன் கோயில், எங்கள் ஊரின் கொம்புச்சந்திப் பிள்ளையார் கோயில், புனித யூதா ததேயு திருத்தலம், களுதாவளையின் வெற்றிலைத் தோட்டங்கள் எல்லாம் கண்ணாடிக்கு வெளியே ஓடி மறைகின்றன. தென்னோலை வேலிக்குள் அந்தத் தோட்டத்தில் ஒருமுறை நுழைந்து பார்த்தவர்க்கு, கொழுந்தை ஒடிக்காமல் இலையைக் கிள்ளி, அளவு பார்த்து அடுக்கி, ஈரச் சாக்கில் சுற்றும் விரல்களின் லாகவம் மறக்காது. ஈசுவரனின் கல்நந்தி பறங்கியர் முன் எழுந்து புல்தின்ற கதையைக் கொக்கட்டிச்சோலையில் அவ்வூர் முதியவர் ஒருவர் வாயால் கேட்பதற்கும், வண்டிக்குள் ஒலிபெருக்கி வழியாகக் கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டை விவரிக்கத் தேவையில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டென்பதை மறக்கலாகாது. எல்லா ஊரிலும் வண்டிகள் நின்றால் ஊர் என்னவாகும்? விடியவிடிய ஆடும் வடமோடிக் கூத்தைத் தங்குவிடுதி முற்றத்தில் அரைமணி நேரத்துக்கு நறுக்கிக் கொடுக்கும் நிலை வந்தால், மண்டூரில் பூசகரான கப்புகனார் வாய்கட்டிச் செய்யும் பூசையின் திரைக்கு இப்புறம் கைபேசிகள் உயர்ந்தால், தச்சுத் தொழிலோடு தம் போர்த்துக்கேய மொழியையும் காத்துவரும் பறங்கிக் குடும்பத்தின் வாசலில் வேடிக்கை பார்ப்போர் வரிசையாக நின்றால், அது ஆதரவாகாமல் உபத்திரவமாகும். கோயிலை நிருவகிக்கும் வண்ணக்கரின் அனுமதியைக் கேட்டு, வீட்டாரின் வேளையறிந்து அழைத்துச் செல்லும் விவேகம் வெளியிலிருந்து வருபவர்க்கு எளிதில் வாய்ப்பதில்லை.

ஆகவே குறை வாகனத்தில் இல்லை. வழிகாட்டுபவர் எவர் என்பதிலும், அவருக்குக் கூலி எப்படி அளக்கப்படுகிறது என்பதிலுமே இருக்கிறது. இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை தேசிய வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, தல வழிகாட்டி, சாரதி வழிகாட்டி என வகைப்படுத்தி அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. கொழும்பிலிருந்து வரும் சாரதி வழிகாட்டி தீவு முழுவதையும் ஓரளவு அறிந்தவர். தெருக்களையும் விடுதிகளையும் நன்கறிந்தவர். ஆனால் எந்தக் குடிக்கு எந்தக் கோயிலில் எந்த நாள் திருவிழா என்பது அவருக்குத் தெரிய நியாயமில்லை. வாடகை ஓடிய கிலோமீற்றரைக் கொண்டு கணிக்கப்படுவதால், ஓரிடத்தில் இரண்டு மணிநேரம் நிற்பது அவருக்கு நஷ்டம். கடைகளில் கிடைக்கும் தரகு அந்த நஷ்டத்தை ஈடுசெய்வதால், வந்தவர்களின் பொழுது கடைகளில் கழிகிறது. மண்முனை தென் எருவில்பற்றின் ஓய்வுபெற்ற ஆசிரியர்களிலும் பட்டம் பெற்று வேலையின்றி இருக்கும் இளைஞர்களிலும் சிலரேனும் பிரதேச வழிகாட்டிப் பத்திரம் பெற்று, தம் ஊர் எல்லையில் வண்டியில் ஏறிக்கொண்டு அரைநாள் மட்டும் உடன்செல்வார்களானால், சாரதி சாரதியாகவே இருந்து தெருவைக் கவனிக்கலாம். பேசுபவர் தாம் நடந்த வழியைப் பேசலாம். அவர் கூலி நேரத்தைக் கொண்டு கணிக்கப்படட்டும். கோட்டைக்கும் தான்தோன்றீச்சரத்துக்கும் ஒருநாள் போதும். மண்டூரை மறுநாளுக்கு வைத்து, பூரணையை அண்டிய ஓரிரவைக் கல்லடித் தோணிக்காரரிடம் விட்டுவிடலாம்.